அலோயிஸ் எழுந்தால் கோல்

அலோயிஸ் கக்கூஸுக்குக் கிளம்பினார். பீர்க் கடையில் இருந்த நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

அவர் கதவைத் தாண்டியதுதான் தாமதம், டிவியில் செக் அணி கோல் போட்டது. இரண்டுக்கு இரண்டு. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள, ஹினெக் மட்டும் தன் மீசையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மீசைக்கு வந்த கண்டம் அப்படி. உலக ஐஸ் ஹாக்கிக் காலிறுதி, எதிரே ஸ்லோவாக்கியா, பக்கத்து நாற்காலியில் ஸ்லோவாக்கிய மாப்பிள்ளை மாத்தூஷ். போன ஞாயிறு வாத்து வறுவலும் மாவு உருண்டையும் சாப்பிட்ட தெம்பில், "உங்க ஆளுங்ககிட்ட தோத்தா இந்த மீசையையே எடுத்துடறேன்" என்று மனைவி, மகள், சம்பந்தி எல்லார் முன்னாலும் ஹினெக் வாயை விட்டிருந்தார். முப்பது வருட மீசை. அது இல்லாத முகத்தை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

"கவலைப்படாதீங்க மாமா, புது ரேசராத்தான் வாங்கி வெச்சிருக்கேன்," என்றான் மாத்தூஷ், ரொம்ப மரியாதையாக.

"மாப்பிள, எங்ககிட்ட அலோயிஸ் அண்ணன் இருக்காரு. உங்ககிட்ட யாரு இருக்கா?"

அந்தச் செக் ஊரில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு தேவாலய வாசலை மிதித்தவர்கள் குறைவு. சாமி, பேய், ஜோசியம் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்தே விரட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளர்கள், இந்த வருடம் ஒரு கிழவரின் மூத்திரப்பையை நம்பினார்கள்.

நம்பாமல் என்ன செய்வது? போட்டிகள் தொடங்கியதிலிருந்து அவர் அவசரமாக எழுந்து போனபோதெல்லாம் செக் அணி கோல் போட்டது. ஒருதடவைகூடத் தப்பவில்லை. கடைக்காரர் ராதிம், ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்டர்நெட்டில் ஓடும் பெரிய டிவியை அப்போதுதான் மாட்டியிருந்தார். எல்லாம் டிவி வந்த ராசி என்று முதலில் பீற்றிக்கொண்ட அவரும், பிறகு கட்சி மாறி அலோயிஸுக்கு ஓசியில் பீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அலோயிஸ் திரும்பி வந்து, செல்போனில் ஓடுவதும் நேராகக் காதில் கேட்கும் என்று மகள் வாங்கிக் கொடுத்த புதுக் காது மெஷினைச் சரிசெய்தபடி உட்கார்ந்தார். முன்னால் புது பீர் நுரைத்துக்கொண்டு வந்து நின்றது.

"அண்ணே, இன்னொருதரம் போயிட்டு வந்துடுங்களேன்," என்றார் ஹினெக்.

"என்ன?"

"கக்கூஸுக்கு!"

"வர்றப்பதான்டா வரும்."

"மெஷின் வந்தும் காது கேக்கல இவருக்கு," என்று ராதிம் முணுமுணுத்தார்.

ஆட்டம் அதே இரண்டுக்கு இரண்டில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் எவனுடையதோ, அவனுக்கே வெற்றி. அந்த நொடியோடு கதை முடிந்தது. ஹினெக்குக்கு இப்போதே மேலுதட்டில் குளிர்காற்று பட்ட மாதிரி இருந்தது. நிஜமாகவே பயந்துவிட்டார்.

"அண்ணே, நாலு பீர் உள்ள போயிருக்கு. ஒரு சொட்டுகூடவா வரல?"

அலோயிஸ் சிரித்தார். கடை சிரிக்கவில்லை. ஐஸ்மேல் நிறுத்தினால் சுவரைப் பிடித்துக்கொள்ளும் தொந்திக்காரர்கள் எல்லாம், அதுவரை டிவியைப் பார்த்துப் பயிற்சியாளருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது அலோயிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"பெருசு வேணும்னே பண்ணுது. அவனுங்க ரெண்டு கோல் போட்டப்பவும் இப்படித்தான் கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு!"

"ஓசி பீர் குடிக்கத் தெரியுது, நாட்டுக்காக ஒண்ணுக்குப் போகத் தெரியல!"

திடீரென்று அலோயிஸ் வலது காதைப் பொத்திக்கொண்டார். முகம் தொங்கிவிட்டது. கூச்சல் தாங்கவில்லை போலும் என்று நினைத்த ஹினெக், கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவர் காலடியில் குந்தினார்.

அதே நேரம் டிவியில் செக் வீரன் ஒருவன் வட்டைத் தட்டிக்கொண்டு தன்னந்தனியாக ஸ்லோவாக்கிய கோல்கீப்பரை நோக்கிப் பாய்ந்தான். தடுக்க ஒரு ஆள் இல்லை. மாத்தூஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்பப் போங்கண்ணே! இப்பப் போனா கோலு!" ஹினெக் அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினார். "என் முப்பது வருஷ மீசைண்ணே!"

அலோயிஸ் அசையவில்லை. பொறுமை போன ஹினெக்கும் ராதிமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவரை நாற்காலியோடு தூக்கிக் கக்கூஸ் பக்கம் நடந்தார்கள். கடையே எழுந்து நின்று வழி விட்டது.

நாற்காலியில் ஆடியபடியே அலோயிஸ் ஹினெக்கின் தோளைத் தட்டினார்.

"மீசைக்குத் தண்ணி தெளிச்சு விட்டுடுடா ஹினெக். உங்க இன்டர்நெட் டிவி லேட்டாத்தான் காட்டும், என் காது மெஷின் ரேடியோவுல நாம தோத்து அரை நிமிஷமாச்சு."