இன்னும் மூன்று மாதம்

காலை பத்தரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேலாளருக்கு, வரிசையில் நின்றவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. இத்தனை முதுகுகளை அந்த நிதிக் கம்பெனி ஒருசேரப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கதவைத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் மனைவியின் தம்பி.

"மாமா, இன்னும் எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதன்னு சொன்னேன்ல. சார்னு கூப்பிடு."

"சரிங்க சார். அம்மாவுக்குக் கால் வலிக்குதாம், மாமா."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். "அந்த மேடம் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். கவுண்டர் கிட்ட போனவங்க வட்டி எவ்ளோன்னு கேட்டுட்டு, சுத்தி வந்து மறுபடி கடைசியில நிக்கணும். யாரும் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

"சித்தப்பா ஏற்கெனவே கேஷியர் பொண்ணுகிட்ட, மேனேஜர் எங்க வீட்டு மாப்பிள்ளைதான்னு சொல்லிட்டாரு."

வரப்போகும் மேடம், வெளிநாட்டு வங்கி ஒன்றின் பிரதிநிதி. அந்த வங்கி மூன்று மாதத் தவணைக்குக் கடன் கொடுக்கும். கம்பெனி அதை வாங்கி, ஊர்க்காரர்கள் போட்ட டெபாசிட்டோடு சேர்த்து, லாரி வாங்குகிறவர்களுக்கு ஐந்து வருஷத் தவணைக்குக் கொடுத்துவிடும். மூன்று மாதம் முடிந்ததும், "இன்னும் மூணு மாசம் வச்சுக்கங்க" என்று வங்கி சொல்லிவிடும். இப்படியே வருஷக்கணக்காக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"திடீர்னு திருப்பிக் கேட்டுட்டா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவர் அவர்.

போன மாதம் அடுத்த தெருக் கம்பெனியிடம் கேட்டுவிட்டார்கள். அங்கே இப்போது பூட்டுத் தொங்குகிறது. எப்போதும் தொலைபேசியில் முடிகிற காரியத்துக்கு இந்த முறை நேரில் ஆள் வருகிறது என்றதும், மேலாளருக்குத் தூக்கம் போய்விட்டது. இங்கேயும் பூட்டுத் தொங்கினால், ஐம்பத்து நாலு வயதில் அவர் வேலை தேடி அலைய வேண்டும்.

கூடமோ நேற்றுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பணம் கட்டும் கவுண்டருக்கு மேலிருந்த மின்விசிறி பழுதாகி ஒரு வாரம் ஆகியும் யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல அங்கே யாரும் நின்றதில்லை. அதனால்தான் மனைவி வீட்டாரை ஒரு வேன் வைத்து இறக்கிவிட்டார்.

மைத்துனன் மறுபடி எட்டிப் பார்த்தான். "மாமா, பணம் கட்டற கவுண்டர்ல ஒரே புழுக்கம். எல்லாரையும் ஃபேன் சுத்தற கவுண்டருக்கு மாத்தி விட்டுட்டேன்."

"எங்கயாவது நில்லுங்கப்பா. வரிசை நேரா இருந்தாப் போதும்." மேலாளர் எட்டிப் பார்த்தார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. "அந்த நீலச் சட்டை யாரு? உங்க பெரியப்பாவா?"

"நம்ம ஆளு இல்ல. எதிர்த்தாப்புல தையல் கடை வச்சிருக்காராம். நாங்க நிக்கறதைப் பாத்துட்டு அவரும் வந்து நின்னாரு. அவரைப் பாத்துட்டு இன்னும் பத்துப் பேர்."

மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடா? கூட்டமா இருக்கற ஓட்டலைப் பாத்துத்தானே நாமளும் உள்ள நுழையறோம்."

பதினொரு மணிக்கு அந்தப் பெண்மணி வந்தார். வரிசையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வரவே சிரமப்பட்டார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். புதுப்பிப்பு ஒப்பந்தம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"உண்மையைச் சொல்லணும்னா, இன்னும் மூணு மாசம் குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். சும்மா ஒருதடவை நேர்ல பாத்துட்டுப் போலாம்னு." பேனாவைத் திறந்தவர், வெளியே பார்த்தார். "எப்பவும் இவ்ளோ கூட்டமா?"

விட்டிருந்தால் அவர் அத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் மேலாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான் மேடம்."

பேனா நின்றது. "எப்போலேர்ந்து இப்படி?"

"ரெண்டு மூணு வாரமாவே தள்ளுமுள்ளுதான். அடுத்த தெருக் கம்பெனியைப் பூட்டினதும் எல்லாரும் நேரா நம்மகிட்டதான் வராங்க."

"சமாளிக்க முடியுதா?"

"இதுவரைக்கும் யாரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல மேடம்."

அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்தது. ஏசி அதிகமோ என்று மேலாளர் குறைத்து வைத்தார்.

"நான் கொஞ்சம் வெளிய போய்ப் பாக்கலாமா?"

"தாராளமா வாங்க."

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். மேலாளர் முதல் தடவையாக வரிசையை முன்பக்கமிருந்து பார்த்தார். தையல்காரர் தன் டெபாசிட் ரசீதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பின்னால் நின்ற பத்துப் பேரிடமும் அதே மாதிரி ரசீது இருந்தது. மாமியார், சொன்னதை மறந்து, மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுகமாகச் சுழன்றது. அதற்குக் கீழே பலகை: 'டெபாசிட் பணம் திரும்பப் பெறுமிடம்.'

அந்தப் பெண்மணியும் பலகையைப் படித்தார். ஒப்பந்தத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டு மூடினார். பிறகு வாசல்வரை நடந்துபோய், அங்கே நின்றவர்களிடம் மரியாதையாகக் கேட்டார்.

"இந்த வரிசையில கடைசி ஆள் யாருங்க? அவருக்குப் பின்னால நான் நிக்கணும்."