பரபக்கம்

முதல் பக்கம் சிரமமில்லாமல் வந்துவிட்டது.

இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு இருப்பவரைக் கட்டுப்படுத்தாது. இல்லாத ஒருவருக்கு விருப்பம் இருக்க முடியாது. விருப்பமே இல்லாதவரை ஏமாற்றவும் முடியாது.

அவன் படித்துப் பார்த்தான். எங்கும் ஓட்டையில்லை.

முதுகலைத் தத்துவம், இரண்டாம் ஆண்டு. மாலைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டுரை. தலைப்பை அவனே தேர்ந்தெடுத்திருந்தான்.

எதிர்ச் சுவரில் அம்மா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அதற்கு நேர் கீழே, செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டிய படச் சட்டம் சாய்ந்து நின்றது. பக்கத்தில் சுத்தியல். ஓர் ஆணி.

நாளைக்கு அவன் மனைவி தேன்மொழியின் முதல் திதி. உறவுக்காரர்கள் வருவதற்குள் படத்தை மாட்டிவிடு என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுரை முடியட்டும் என்றிருந்தான்.

தேன்மொழி வேண்டாம் என்றிருந்தாள்.

முதலில் விளையாட்டாக. கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் மாலையும் சிவப்பு பல்புமாக ஒரு படம். அவன் காதருகே குனிந்து சொன்னாள்.

"என்னை இப்படி மாட்டிடாத. எல்லாரும் திங்கறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

இரண்டாம் முறை மருத்துவமனையில். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அவன் தலையாட்டினான்.

தலையாட்டுவது வாக்காகுமா என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தான்.

இனிப் பரபக்கம்.

எதிராளியின் கட்சியை முதலில் முழுதாகச் சொல்ல வேண்டும். மறுப்பு அதன் பிறகுதான். பழைய சைவ நூல்களின் முறை. பேராசிரியர் வேலாயுதம் இதில் பிடிவாதக்காரர். எதிராளியே படித்துவிட்டு, ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார். இல்லாவிட்டால் கட்டுரை திரும்பி வந்துவிடும்.

'இறந்தவருக்கும் விருப்பம் உண்டு என்று சிலர் கூறலாம்.'

இதை எந்த எதிராளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அடித்தான்.

'இறந்தவர் இல்லை என்றால்' என்று மறுபடி தொடங்கினான்.

இந்த முறை பேனா நிற்கவில்லை.

'இறந்தவர் இல்லை என்றால் நாளை இலை போடுவது யாருக்கு? எனக்குப் பிடிக்கும் என்றுதானே அத்தை வாழைப்பூவை அரிந்து மோரில் போடுகிறார். வடையில் எனக்கு விருப்பம் உண்டு. படத்தில் மட்டும் இல்லையா? சாப்பிடக் கூப்பிடும்போது இருக்கிறேன். வாக்கைக் கேட்கும்போது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்.'

கை நின்றது.

அவனுடைய கையெழுத்துதான். மை இன்னும் காயவில்லை.

அத்தை.

அவனுக்கு அவள் அம்மா. இந்த வீட்டில் அவளை அத்தை என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

எழுந்து சமையலறை வாசல் வரை போனான். அம்மா அரிவாள்மனை முன் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் கறை. பக்கத்தில் மோர்ப் பாத்திரம். வாழைப்பூ வாங்கியதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தேனுவுக்குப் பிடிக்குமேப்பா என்றாள்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

பதில் இருந்தது. நல்ல பதில்தான். 'படையல் இறந்தவருக்காக அல்ல. இருப்பவரின் ஆறுதலுக்காக.'

அடுத்த வரியில் கை தானே எழுதியது.

'சரி, அப்புறம்?'

இளங்கலை படிக்கும்போதே அப்படித்தான். அவன் எந்த வாதத்தை முடித்தாலும் தலை நிமிராமல் கேட்பாள். சரி, அப்புறம்?

'படமும் அப்படியே. அதுவும் ஆறுதலுக்குத்தான்.'

'உன் ஆறுதலுக்கா?'

'ஆம்.'

'பிறகு ஏன் இன்னும் பிரிக்கவில்லை?'

அவன் சட்டத்தைப் பார்த்தான். கடைக்காரர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. கல்லூரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"எழுதி முடிஞ்சுதாப்பா? ஆணி அடிச்சிடலாமா?"

"இல்லம்மா," என்றான். "அவ இன்னும் முடிக்கல."

அரிவாள்மனைச் சத்தம் நின்றது.

அவன் பேனா முனையைத் தாளில் வைத்தபடி காத்திருந்தான்.