பெரிய ராணிக்கு வாய் வந்த கதை

"இது குழம்பா? மாட்டுக்கு ஊத்துற கழனித்தண்ணி இதைவிட மணக்கும்!"

சௌந்தரம் தட்டைத் தள்ளின வேகத்தில் சோறு அடுப்படி வாசல் வரைக்கும் சிதறியது.

மருமகள் சுகப்பிரியா துடைப்பத்தை எடுத்தாள். கல்யாணமாகி வந்த ரெண்டு வருசத்தில் மாமியார் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இன்றைக்கு என்ன வந்தது?

சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனதும் மாமியார் சொன்னதை, மறக்கும் முன்னே போனில் ஏற்றிக்கொண்டாள்.

விசயம் இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் அவள் சரித்திரத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். திருச்சுழிப் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு ஜமீன். மழை பொய்த்த வருசம். ஊருணிக்குக் காவல் போட்டு சனங்களை விரட்டுகிற பெரிய ராணி. அவளுக்கு மருமகளாக வந்து சீரழிகிற சின்ன ராணி.

போன வாரம்தான் ஆசிரியர் போனில் கூப்பிட்டிருந்தார்.

"எல்லாம் சரிம்மா. பெரிய ராணி மட்டும் கொலுப் பொம்மையாட்டம் நிக்கிறா. அக்கம்பக்கத்துல ஆளைப் பாத்து எழுதுங்க. இப்படியே போனா தொடரை நிப்பாட்ட வேண்டியதுதான்."

ஊரில் நாலு பேர் அவள் பேரைச் சொல்ல ஆரம்பித்ததே அந்தக் கதையால்தான். அதுவும் போனால்?

அடுத்த வாரம் பெரிய ராணி வெள்ளித் தட்டை வீசினாள். "சின்னவளே, என் லாயத்துக் குதிரையும் இதை முகராது!"

ஆசிரியருக்கு ஒரே சந்தோசம்.

வீட்டில் தட்டோடு நிற்கவில்லை.

"குளிக்கிறியா, கம்மாயை நெறைக்கிறியா? உங்கப்பன் வீட்ல ஆறா ஓடுது?"

"ரெண்டு மரக்கா கம்பு குத்த வக்கில்லை, வந்துட்டா சீவி முடிச்சுக்கிட்டு!"

வீட்டில் உரலே கிடையாது. மாவு அரைக்கக்கூட மிசின்தான்.

"நீ கால் வச்சே, மழை பேயாம மானம் வாயை மூடிக்கிருச்சு!"

இது சுருக்கென்று தைத்தது. அழுதுகொண்டே எழுதினாள். அந்த வாரம் ஆசிரியரே கூப்பிட்டார்.

"ராணி பேச்சு அந்தக் காலத்துல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும்மா!"

கதை ஓடியது. வீடுதான் ஓடவில்லை.

"நம்ம புண்ணாக்குக் கடையில யாவாரம் படுத்துக்கிருச்சுல்ல, அந்தக் கடுப்பா இருக்கும்" என்றான் கணவன் கோகுல்.

"இல்லங்க, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் தூபம் போடுறா. வெள்ளிக்கிழமையானா அத்தை அங்க போறாக. வந்ததும் புதுசா ஒண்ணு சொல்லி வையிறாக."

கோகுல் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தான். கடைசியில் பந்தல்குடி ரோட்டில் வீடு பார்த்து, சாமான் ஏற்ற வண்டிக்கும் சொல்லிவிட்டான். கதையின் கடைசி வாரத்தை எழுதி அனுப்பிய மறுநாள் சுகப்பிரியா மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, நாங்க தனியாப் போறோம்."

சௌந்தரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிய ராணி செத்துட்டாளா?"

சுகப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செத்துட்டா. நேத்து முடிச்சு அனுப்பிட்டேன்."

"அப்பாடி! கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு தாயி."

"அத்தை...?"

"அன்னைக்குப் போன்ல அழுதேல்ல? 'எங்க வீட்ல அப்படி யாருமே இல்லையே சார், எங்க போயி ஆளப் பாப்பேன்'னு. அடுப்படியில இருந்து கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவ நான் என்ன செய்வேன்? என்னால ஆனது நாலு வசவு. வெள்ளிக்கிழமை புத்தகம் வந்ததும் முத்துப்பேச்சி வாசிச்சுக் காட்டுவா. ராணிக்கு எது பத்தலையோ, அதைப் பாத்து அடுத்ததை எடுத்து விடுவேன்."

சுகப்பிரியா மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"சொல்லியிருந்தா உனக்கு வலிச்சிருக்குமா? வலிக்காம எழுதுனா பழையபடி பொம்மைதான்."

சுகப்பிரியா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆனாலும் அந்தப் பேச்செல்லாம் எப்படி அத்தை உங்க வாயில வந்துச்சு?"

"சரித்திரக் கதைங்கிறே, அதுல கைச்சரக்கைப் போடலாமா?" என்றாள் சௌந்தரம். "அம்புட்டும் எங்க மாமியா என்னைய வஞ்ச வசவு."