கயிற்றின் வயிறு

“நல்லா இழுத்துப் புடிப்பா” என்றேன்.

அந்தக் கோடியில் சவரிமுத்து பிடித்திருந்தான். இந்தக் கோடியில் நான். எங்கள் இரண்டு பேர் உப்புப் பாத்திக்கும் நடுவில் இருந்த வரப்பைப் போன மார்கழியில் சுனாமி கொண்டுபோய்விட்டது. கிழக்கே அவனுடையது, மேற்கே என்னுடையது. இப்போது எல்லாம் ஒரே சேறு.

கயிறு காட்டுகிற இடத்தில் புது வரப்பு. அதுதான் பேச்சு.

மதியத்துக்கு மேல் பிடிக்கலாம்ணே என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். எனக்கா தெரியாது? மதியம் கடல்காற்று ஏறும். கயிறு என் பக்கமாக வயிறு தள்ளும். அந்த வயிறு முழுக்க அவனுக்குப் போகும்.

அவன் கடைசிப் பையனை அலை அடித்துவிட்டது. அப்போது நான் கீழ்புத்துப்பட்டில் மகள் வீட்டில் கிடந்தேன். எழவுக்குக்கூட வரவில்லை. பாவம்தான். அதற்காக என் நிலத்தை எழுதிக் கொடுக்க முடியுமா?

அதனால்தான் விடிந்ததும் வரச் சொன்னேன். பொட்டுக் காற்று இல்லை.

அவன் மகள் மேரிசெல்வியும் வந்திருந்தாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்குக் கோடு, கோணம் சொல்லிக்கொடுக்கிற மர முக்கோணம் கையில் இருந்தது.

“இன்னாம்மா, உங்கப்பனுக்குத் தோதா வளையுற பலகையா இது?”

“இது வளையாது பெரியப்பா. நீங்களே வெச்சிப் பாருங்க.”

வாய்க்கால் கரையில் தப்பி நின்ற மூலைக்கல்லில் அதை வைத்தாள். ஒரு விளிம்பு கரையோடு ஒட்டியது. இன்னொரு விளிம்பில் கயிறு ஒட்டியது. செங்கோணம் என்றாள். பழைய வரப்பும் அப்படித்தான் இறங்கும். ஆனாலும் குனிந்து என் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கயிறு நேர்கோடாக நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். கயிற்றை ஒட்டி, என் நிலத்துப் பக்கமாக ஒரு மண்மேடு. அதில் ஒரு குச்சி நட்டிருந்தது. இன்னொரு குச்சி நூல் தளர்ந்து அதில் சாய்ந்து தொங்கியது.

எல்லைக்குத் திருட்டு முளை. நான் ஊரில் இல்லாதபோது அடித்திருக்கிறான்.

கயிற்றைக் கல்லில் சுற்றிவிட்டுப் போய், பிடுங்கி எறிந்தேன்.

சவரிமுத்து மேட்டையே பார்த்தான். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கோடியில் கயிறு மட்டும் தளர்ந்து சேற்றில் விழுந்தது.

மேரிசெல்வி போய் இரண்டு குச்சியையும் பொறுக்கி வந்தாள். புடவையில் சேற்றைத் துடைத்தாள். முக்கோணத்தைத் தரையில் கிடத்தி, ஒரு விளிம்பில் நெட்டைக் குச்சியை வைத்தாள். மறு விளிம்பில் குட்டைக் குச்சியை அதன்மேல் குறுக்காக வைத்தாள். இரண்டும் சேர்ந்த இடத்தில் நூலைச் சுற்றி இறுக்கினாள்.

கோணம் பிசகவில்லை.

அதைத் திரும்ப மேட்டில் நட்டாள். சிலுவை நேராக நின்றது.

மேட்டின் நீளத்தை அப்போதுதான் கவனித்தேன். பெரிய ஆள் படுக்கிற நீளம் இல்லை.

கல்லிலிருந்து என் முனையை அவிழ்த்தேன்.

“ஏம்பா சவரி, கரையேறு. காத்து வரட்டும். அப்பறம் புடிக்கலாம்.”