பின்னால் ஒருவர்

"நடங்க மேடம். ஒரு நிமிஷம் நடந்துட்டு அப்புறம் ஓடலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவளுக்குத் தலை சுற்றியது. பதினான்காவது கிலோமீட்டர். நடுவில் நடந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் அடித்துச் சொல்லியிருந்தான். நடக்காவிட்டால் முட்டி போய்விடும் என்று எதிர்வீட்டு பிசியோதெரபிஸ்ட் பயமுறுத்தியிருந்தார். மூன்று மாதமாக இதே கூத்துதான். தண்ணீர் நிறையக் குடி என்றார்கள், குடிக்கவே குடிக்காதே என்றார்கள். எல்லாம் ஷூவில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார் ஷூ கடைக்காரர். மருத்துவமனை மருந்தகத்தில் நின்றுகொண்டு, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று தினம் இருநூறு பேருக்குத் தெளிவாகச் சொல்கிறவள் அவள். தன் காலைப் பற்றி மட்டும் ஒன்றும் புரியாமல் போனது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். மழைக்கோட்டு போட்ட, ஐம்பதைத் தாண்டிய மனிதர். அவருக்குப் பின்னால் ஈரச் சாலை மட்டும்தான். அப்பாடா என்று இருந்தது.

இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, நாத்தனார் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, கடைசியா மட்டும் வந்துடாதீங்க. அப்புறம் நாங்க வெளியில தலை காட்ட முடியாது." கூடச் சேர்ந்து மகளும் சிரித்தாள். அதுதான் உறைத்தது. பரிசெல்லாம் யாருக்கு வேண்டும், கடைசியாக வராமல் இருந்தால் போதும் என்றுதான் இத்தனை பாடும்.

"முன்னால போறதுன்னா போங்க சார்" என்றாள், பேச்சுக்கு.

"எனக்கு அவசரமில்ல."

"இது ஓட்டப்பந்தயம் சார்."

"ஆமா. நீங்க பேசிக்கிட்டே ஓடுங்க. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"பேசினா மூச்சு வாங்கும்னு எங்க அண்ணன் சொன்னான்."

"அவர் ஓடுவாரா?"

"டிவியில பார்ப்பான்."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சரி, தொலையட்டும் என்று அவள் ஒரு நிமிடம் நடந்தாள். அவரும் நடந்தார். ஓடினாள், ஓடினார். ஆள் சரியில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்க, லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்தாள். அவரும் நின்று குனிந்தார். அவருடைய ஷூவில் கட்டுவதற்கு லேஸே இல்லை.

இந்த மனிதரை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் பலித்தது. "அடியைச் சின்னதா வைங்க" என்றார், முட்டி வலி குறைந்தது. "தண்ணி ரெண்டு மடக்கு போதும்" என்றார், வயிறு சும்மா இருந்தது. இவ்வளவு தெரிந்தவர் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறார்?

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் அவர் லேசாக நொண்டினார்.

"என்ன சார் கால்ல?"

"பழைய வலி. வருஷா வருஷம் இந்த இடத்துல வந்துடும்."

"வருஷா வருஷம் ஓடுறீங்களா? எத்தனாவதா வருவீங்க?"

"கடைசியாதான். ஆறு வருஷமா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை எப்படி இந்த மனிதர் வெட்கமே இல்லாமல் சொல்கிறார்?

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"பழகிட்டாங்க."

அதற்குப் பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல் மூன்று மாதம் நாய்படாத பாடு பட்டிருக்கிறாள். இவர் ஆறு வருஷச் சிரிப்பைத் தாங்கியிருக்கிறாரே. அந்த நொண்டலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

முடிவுக் கோடு தெரிந்தது. மூன்றரை மணி நேரக் கெடுவுக்கு இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நாத்தனார்.

கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

"நீங்க போங்க சார்."

"என்னது?"

"ஆறு தடவை கடைசியா வந்துட்டீங்க. இந்தத் தடவை நான் வர்றேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"ஐயோ, வேணாம் மேடம். நீங்க போங்க."

"மனசாரத்தான் சொல்றேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். அவள் மூன்றடி போனாள். அவர் மறுபடி இரண்டடி போனார். கைதட்டத் தயாராக நின்றவர்கள் தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் செல்போனை இறக்கிவிட்டாள். கடிகாரம் பாட்டுக்கு ஓடியது.

கோட்டருகே போட்டிருந்த மேசையிலிருந்து பதக்கங்களோடு ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள்.

"அம்மா, தயவுசெஞ்சு நீங்க முதல்ல வாங்க. சார் கோட்டைத் தாண்டிட்டா பந்தயம் முடிஞ்சுது, அப்புறம் வர்றவங்களுக்குப் பதக்கம் கிடையாது. கடைசியா வர்றவங்களைத் தனியா விடாம, அவங்களுக்குப் பின்னாலயே ஓடி வர்றதுதான் நாங்க அவருக்குக் குடுத்திருக்கிற வேலை."