ஏரிக்கரை மரவீடு

சீழும் ரத்தமும் பார்த்துச் சலித்த நர்ஸ் அவள். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். கல்யாணமாகி முதன்முறையாக, வரும் சனி ஞாயிறை ஏரிக்கரை மரவீடு ஒன்றில் கழிக்க அவளும் கணவனும் முன்பதிவு செய்திருந்தார்கள். துணி அடுக்கலாமென்று பரண்மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தவள் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினாள்.

உள்ளே அவர்களுடைய துண்டுகள் பாசி படிந்து சொதசொதவென்று கிடந்தன. அழுகிய மீன் நாற்றம் அடித்தது. அவளுடைய நைட்டியின் மடிப்பில், ரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்று நெளிந்தது.

"ஏங்க, ஈரத்துணியையா இதுல போட்டு வச்சீங்க?"

"நான் பெட்டியத் தொடவே இல்லம்மா." அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு ஆசையே விட்டுப்போச்சு. வரலன்னு சொல்லிடுங்க."

அவன் மரவீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினான். அவள் தன் பெயரைச் சொன்னதுமே அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா? நேத்து சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டீங்க. பாத்ரூமை அப்படியா போட்டுட்டுப் போவாங்க? எனக்கு வாந்தியே வந்துடுச்சு."

"நாங்க இன்னும் வரவே இல்லீங்களே" என்றாள் அவள்.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்ககூட வந்த உங்க வீட்டுக்காரர் இன்னும் தொட்டித் தண்ணிக்குள்ளயே உக்காந்திருக்கார். தோலெல்லாம் ஊறிக் கழண்டு வருது. சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க."