எதிர்ச்சுவர் ஆசாமி

சர்க்கஸ் சுவரொட்டி அடிப்பதற்கென்றே பலாக்கட்டையில் செதுக்கிய பெரிய ‘ச’ ஒன்று ஓர் அச்சகத்தில் இருந்தது. தலையிலும் காலிலும் செங்கல் வைத்துக் கட்டினாற்போல் அத்தனை தடிமன். முதல் வரியில் முதல் இடம் அதற்குத்தான். தாளில் நேராக விழவேண்டும் என்று எல்லா அச்செழுத்தையும்போல அதையும் இடவலம் மாற்றித்தான் செதுக்கியிருந்தார்கள். ஆனால் தான்தான் நேர் என்பது அதன் எண்ணம்.

ஒருநாள் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டி அதன் கண்ணில் பட்டது.

“யாரடா அவன்? அச்சு அசல் என் உடம்பு, மூஞ்சி மட்டும் அந்தப் பக்கம்! என் இடத்துக்கு அடிபோடுகிறான்.”

“அது நீங்கள்தான் அண்ணாச்சி” என்றது மை தடவும் உருளை.

“அவனிடம் என்ன வாங்கித் தின்றாய் நீ?”

அன்று முதல் ‘ச’ உருளையை நம்பவில்லை. மையைத் தொடாமல் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த சுவரொட்டியில் அந்த ஆசாமி வெளிறிப்போயிருந்தான்.

“பார்த்தாயா, குட்டு வெளிப்பட்டதும் முகம் செத்துவிட்டது!” என்று ‘ச’ இன்னும் இழுத்துக்கொண்டது.

அச்சுக்காரர் சலித்துப்போய் அதை உருவினார். ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அண்டக்கொடுத்துவிட்டு, வேறொரு ‘ச’வைக் கோத்தார்.

மேசையின் பாரம் முழுக்கத் தலையில். ‘ச’ கண்ணை இடுக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தது. புதுத்தாளில் ஓர் ஒல்லி எழுத்து நின்றது.

“ஒழிந்தானா! என்னிடமா வாலாட்டினான்?” என்று முனகியது. “அடேய் உருளை, இந்த ஒல்லிப்பயல் மேலும் ஒரு கண் வை. அவனுடைய ஆளாக இருப்பான்.”